ஒன்றரைக் கட்டை கீழே

தேயிலைத் தூளைத் தரம் பிரிக்கிற சல்லடைகள் ஓட ஆரம்பித்தால் ரூமுக்குள் காற்றே பழுப்பாகிவிடும். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொள்வோம். மதியம் சாப்பிட அவிழ்க்கும்போது துண்டில் மூக்கு இருந்த இடத்தில் இரண்டு வட்டம் பதிந்திருக்கும். குன்னூருக்குக் கீழே ஒரு தனியார் டீ பேக்டரியில் பதினாறு வருடமாக எனக்கு இந்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகூர்த்த நாட்களிலும் கல்யாண மண்டபங்களில் பாடுகிறேன். இரண்டுக்கும் ஒரே தொண்டைதான்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் நாலு பேர். பெண் குரல் நான். கீபோர்டு வாசிப்பவர் மார்க்கெட் பக்கம் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். குழுவை ஆரம்பித்தவர் அவர்தான். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மிணி என்பார். ஆண் குரல், அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் இலை லாரி ஓட்டுகிறவர். ஆறு வயதில் பெற்றோரோடு இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். எனக்குப் பத்து வயது மூத்தவர் என்பதால் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ரிதம் பேடு தட்டுகிறவர் பேக்கரியில் வேலை செய்கிறார். அவருடைய பழைய வேனில்தான் பெட்டிகளையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு மலை முழுக்கச் சுற்றுவோம்.

பார்க்கிறவர்களுக்கு மேடையில் பாடுகிற மூன்று மணி நேரம்தான் தெரியும். எங்களுக்குக் கச்சேரி லீவு கேட்பதிலிருந்தே தொடங்கிவிடும். "போன மாசம்தான் தங்கச்சி கல்யாணம்னு போனீங்க, இப்ப யாருக்கு?" என்று பேக்டரி ஆபீசர் கேட்பார். நான் இதுவரை சொன்ன கல்யாணங்களுக்கு எனக்கு நாலு டஜன் சித்தப்பா பெரியப்பா மக்கள் இருக்க வேண்டும். அண்ணாவுக்குக் கவலை ஈரம். மழை மாதங்களில் கீபோர்டின் கட்டைகளுக்கு அடியில் பூஞ்சை பிடித்துவிடும் என்று அதைத் துணி அலமாரிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன பல்பை இரவும் பகலும் எரிய விட்டிருப்பார். மண்டபத்தில் கடைசிப் பந்தியில்தான் எங்களுக்கு இலை போடுவார்கள். சாம்பார் தீர்ந்திருக்கும், ரசம் ஆறியிருக்கும். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. பதினாறு வருடம் இப்படித்தான் போயிற்று, அவ்வளவுதான்.

குறை சொல்வதென்றால் என் கர்வத்தைத்தான் சொல்ல வேண்டும். மேடைப் பாடகர்கள் வயதாக ஆக, பாட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு பாடுவார்கள். சினிமாவில் பாடிய உயரம் எட்டாது. எங்கள் குழுவில் அந்தப் பழக்கம் இல்லை என்று நானே மைக்கில் சொல்வேன். "எல்லாம் ஒரிஜினல் ஸ்ருதியிலயே பாடறோமுங்க" என்பேன். ஒரு முறை ஊட்டியிலிருந்து வந்த இன்னொரு குழுவின் பாடகி இறக்கிப் பாடியதைக் கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு மேல ஏறல" என்று டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். அந்தப் பாடகி எனக்கு நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. விழுந்திருக்கும்.

போன வருட மழைக்காலத்தில் சேரம்பாடி பக்கம் ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தோம். காலையில் முகூர்த்தம், மதியம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கச்சேரி. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணா போன் செய்தார்.

"அம்மிணி, கால் போச்சு."

"என்னங்ணா சொல்றீங்க?"

"கடைக்கு எறங்கற படியில பாசி. வழுக்கி உளுந்துட்டேன். கணுக்கால்ல எலும்பு விட்டிருக்காம். கட்டுப் போட்டு உக்கார வெச்சுட்டாங்க."

கச்சேரியை ரத்து செய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்திலேயே சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற ஒரு டீச்சரைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். "நல்லா வாசிக்கும் அந்தப் புள்ள. எந்த சுதியில வாசிக்கோணும்னு, ஸ்கேலு பத்தி மட்டும் நான் அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும். போன் போட்டா டவர் கெடைக்க மாட்டீங்குது."

"ஸ்கேல நான் சொல்லிக்கறேனுங்ணா. நீங்க காலைப் பாருங்க."

"இல்ல அம்மிணி, நானே சொல்றேன்" என்றார். வலியில் பேசுகிறார் என்று நினைத்து நான் போனை வைத்துவிட்டேன்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். ஊட்டியைத் தாண்டும்போது முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. நடுவட்டம் வளைவுகளில் இறங்கும்போது எனக்கு எப்போதும் குமட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். ஆண் குரல்காரர் முன் சீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பாடப் போகிற நாளில் மனிதர் பேசவே மாட்டார்.

வழியெல்லாம் மழை, பதினொன்றரை மணிக்குத்தான் மண்டபம் போய்ச் சேர்ந்தோம். டீச்சர் எங்களுக்கு முன்பே வந்து மேடையில் தன் கீபோர்டை வைத்துவிட்டார். முப்பது வயதிருக்கும். கூடலூர்க்காரர்கள் பேசுவது போலத் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

"சேச்சி, எல்லாப் பாட்டும் எனக்கு அறியும். ஸ்கேல் மட்டும் பறைஞ்சா போதும். ஒரிஜினலா, எறக்கியா?"

"ஒரிஜினல்தாங்க. எங்க குரூப்புல எறக்கறதே இல்ல" என்றேன்.

ஆண் குரல்காரர் பக்கத்தில் மைக் வயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் கை நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெண்ணின் தாய்மாமா வந்து, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள், ஆரம்பியுங்கள் என்று அவசரப்படுத்தினார்.

முதலில் பிள்ளையார் பாட்டு. அது கீழேயே நடக்கிற பாட்டு, ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது ஒரு டூயட். பல்லவியிலேயே கழுத்து இறுகுகிற மாதிரி இருந்தது. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். சரணத்தில் பெண் குரல் மேலே ஏறி ஒரு இடத்தில் நிற்க வேண்டும். எத்தனை நூறு முறை நின்றிருப்பேன் அந்த இடத்தில். வாயைத் திறந்தேன். பாதி தூரம் போய்க் குரல் கீறிக்கொண்டு உடைந்தது. அதற்கு மேல் காற்றுதான் வந்தது.

ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் இருமுவது போலப் பாவனை செய்தேன். அந்த வரி திரும்பி வருகிற இடத்திலும் அப்படியே உடைந்தது. கூட்டத்தைப் பாடச் சொல்வது போல மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினேன். யாரும் பாடவில்லை. பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் ஒரு பெண் தன் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாவம் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மூன்றாவது பாட்டும் அதே கதியாயிற்று. தாய்மாமா மேடையோரம் வந்தார். குரலில் கோபமில்லை. "ஏனுங்க, அம்மா கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டுங்க. நாங்க செல்போன்ல பாட்டுப் போட்டு உட்டுக்கறோம். சாப்பிட்டுட்டு மெதுவா பாடுங்க" என்றார்.

மைக்கை ஸ்டாண்டில் மாட்டப் போனேன். சரியென்று சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்போது டீச்சர் என் பக்கம் சாய்ந்தார்.

"சேச்சி, கொறச்சு எறக்கட்டே? ஆர்க்கும் அறியாது."

நான் தலைகூட ஆட்டவில்லை. அவரே கீபோர்டில் ஒரு பட்டனை மூன்று முறை அமுக்கினார். அந்தப் பட்டனை அமுக்கினால், வாசிக்கிறவர் விரல் மாறாமலேயே பாட்டு மட்டும் கீழே இறங்கிவிடும். ஒரு அமுக்கு அரைக் கட்டை. மூன்று அமுக்கு ஒன்றரைக் கட்டை.

அடுத்த டூயட்டின் முன்னிசை ஆரம்பித்தது. என்ன நடக்கிறது என்று என் புத்திக்கு எட்டும் முன் தொண்டைக்கு எட்டிவிட்டது. பேக்டரிக்குத் தினமும் நடக்கிற ஒற்றையடிப் பாதையில் கால் தானாகப் போவது மாதிரி குரல் போயிற்று. சரணத்தின் உச்சியில் போய் நின்றது. எனக்குப் பழக்கமான உச்சி அதுதான். அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. இவ்வளவு நாளும் நான் பாடிக்கொண்டிருந்தது இந்த ஒன்றரைக் கட்டை கீழேதான். அண்ணா இறக்கி வைத்திருக்கிறார். ஒரேயடியாக இல்லாமல், எனக்குத் தெரியாத மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கலாம். எங்கள் வீடு லைன் வீடு. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம் தூங்குகிறது. வாய்விட்டுப் பாடுவதெல்லாம் மேடையிலும் அண்ணாவின் கடைக்குப் பின்னால் நடக்கிற ஒத்திகையிலும்தான். இரண்டு இடத்திலும் ஸ்ருதி கொடுப்பவர் அவர். கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு பாடினேன்.

அந்தப் பாட்டில் ஆண் குரலின் முறை வந்தது. ஒன்றரைக் கட்டை இறங்கினால் ஆண் குரல் எங்கே போகும்? கிணற்றுக்குள் போகும். அவர் தாடையை நெஞ்சில் ஒட்டி, கண்ணை இறுக்கி மூடி, அந்த ஆழத்திலிருந்து வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். இரண்டு வருடமாக இதை நான் பார்த்திருக்கிறேன். "ஏன்ணா இப்படி முனகறீங்க, சாப்பிடலையா?" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். அன்று பாடி முடித்ததும் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

மிச்சப் பாட்டுகளை அப்படியே பாடி முடித்தோம். ஒரு மலையாளப் பாட்டு கேட்டார்கள், அதையும் பாடினேன். தாய்மாமா வந்து, "இப்பத்தானுங்க சூடு புடிச்சிருக்குது" என்று சந்தோஷப்பட்டார். புறப்படும்போது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேச்சி, நல்ல வாய்ஸாணு" என்றார். நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திரும்பும் வழியில் நாடுகாணியில் டீ குடிக்க நிறுத்தினோம். பேடுகாரர் வேன் டயரைப் பார்க்கப் போனார். கடை பெஞ்சில் நானும் ஆண் குரல்காரரும் மட்டும்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணா?" என்று கேட்டேன்.

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. "தெரியும் தங்கச்சி. எனக்குத் தெரியாம எப்படி? குழி தோண்டுறவனுக்கு ஆழம் தெரியாதா?"

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருசம் இருக்கும். மொதல்ல அரை. அடுத்த மழைக்கு இன்னொரு அரை. போன பொங்கலுக்கு அப்புறம் மிச்சம்."

"நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமே."

டீயை ஊதிக்கொண்டிருந்தார். "என்னத்துக்குச் சொல்லணும்? மேடையில நீ சந்தோசமா பாடுற. எனக்குக் கீழ போறது கொஞ்சம் கஷ்டம். லாரியில பள்ளத்துல எறங்கி ஏறுறவன்தானே நான். பழகிப் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று பேரும் சேர்ந்து என்னை ஒரு நோயாளி மாதிரி வைத்திருந்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

மூன்று நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து துண்டைக்கூட அலசாமல் அண்ணாவின் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டியிருந்தார். மடியில் ஒரு மிக்ஸி மோட்டார். கால் உடைந்தாலும் வேலை விடவில்லை. அவர் மனைவி டீ வைக்க உள்ளே போனார்.

"டீச்சர் போன்ல சொல்லுச்சு" என்று அவரே ஆரம்பித்தார். "அந்த ரெண்டு நாளும் அந்தப் புள்ளைக்கு டவர் கெடைக்கல. நான் இங்க உக்காந்துட்டு..."

"எங்கிட்டச் சொல்லாம எப்படிங்ணா? நான் ஊரெல்லாம் ஒரிஜினல் ஸ்ருதின்னு மைக்குல சொல்லிட்டுத் திரியறேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருக்கறீங்க."

"சொல்லோணும்னு நெனைக்காத நாளில்ல அம்மிணி. போறப்ப வேன்ல நீ குமட்டலோட வர்றே. எறங்குனா மைக்கு, ஸ்பீக்கரு. முடிச்சா பசி. அப்புறம் எல்லாரும் தூங்கிப் போறோம். எப்பச் சொல்றது?"

இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். சண்டை போடுவதற்குத் தோதாக இருந்திருக்கும். அவர் சொன்னது உண்மை என்று தெரிந்ததும் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தேன்.

அவர் இடது கையை என் பக்கம் நீட்டினார். "இந்த ரெண்டு விரலையும் தொட்டுப் பாரு."

மோதிர விரலும் சுண்டு விரலும் சில்லென்று இருந்தன.

"ஒரு வருசமா உணர்ச்சி இல்ல. எடது கை வாசிக்கறது நானில்ல, கீபோர்டு தானா வாசிக்குது. பட்டனைத் தட்டி உட்டுட்டு நான் கைய மேல வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. பக்கத்தில் நின்று பாடிக்கொண்டுதானே இருந்தேன்.

அவர் மனைவி டீ கொண்டு வந்தார். ஏலக்காய் போட்டிருந்தார். மூவரும் மழையைப் பற்றியும் ஆஸ்பத்திரியைப் பற்றியும் பேசினோம். பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

அதன் பிறகு நாலு மாதம் நான் பாடவில்லை. வந்த இரண்டு கல்யாணத்துக்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அண்ணா வற்புறுத்தவில்லை. ஊட்டியில் ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் வாரக் கடைசியில் வந்தபோது, "நல்லதாப் போச்சு, ஞாயித்துக்கெழமையாச்சும் ஊட்டுல இரு" என்றார். இருந்தேன். துணி துவைத்தேன், தூங்கினேன். முதல் இரண்டு ஞாயிறு சுகமாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குள் என்ன செய்வதென்று தெரியாமல் மிளகாய்த்தூள் டப்பாக்களை எல்லாம் இறக்கிக் கழுவினேன்.

ஆஸ்பத்திரியில் தொண்டையைப் பார்த்த லேடி டாக்டர் குரல்வளையில் சின்னதாகத் தடிப்பு இருக்கிறது என்றார். ஆபரேஷன் வேண்டாம், தூசியில் நிற்காதீர்கள், கத்திப் பேசாதீர்கள் என்றார். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் பேக்டரி ஆபீசரிடம் காட்டி, பச்சை இலை எடை போடும் பக்கம் மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். இரண்டு மாதம் பார்த்தார். பிறகு எடை போடுகிற அம்மா மகளின் பிரசவத்துக்கு அவள் ஊருக்குப் போனதால் என்னை அங்கே போட்டார். தூசி இல்லை. குளிர்தான், கதவு எப்போதும் திறந்திருக்கும்.

தை மாதம் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள். அண்ணா நொண்டிக்கொண்டே நடக்க ஆரம்பித்திருந்தார். போனில் "வர்றியா அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். வருகிறேன் என்றேன். நல்லெண்ணம் ஏதும் பொங்கி வரவில்லை. அந்த ஞாயிறுக்கு வேறு வேலை இல்லை.

மேடை கிடையாது. லைன் வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அண்ணா கீபோர்டை ஆன் செய்ததும் நான் எல்லார் காதிலும் விழும்படி, "ஒன்றரை எறக்கிக்கோங்கண்ணா. ரெண்டாவது பாட்டுக்கு ரெண்டு" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் பட்டனை அமுக்கினார்.

"ரெண்டா? அப்ப நான் எங்க போறது?" என்றார் ஆண் குரல்காரர்.

"நீங்க அந்தப் பாட்டுல பாட வேண்டாம். உங்க வரியையும் நானே பாடிக்கறேன். நீங்க போய் வெயில்ல உக்காருங்க."

அவர் நிஜமாகவே போய், வேலியோரம் வெயில் விழுந்த இடத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். அன்று அவருக்குச் சுலபமான, அவர் உயரத்துக்கு ஏற்ற நாலு பாட்டை மட்டும் தனியாகக் கொடுத்தோம். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் குரல் முனகாமல் வந்தது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகவும் ஒரு பக்கம் கூச்சமாகவும் இருந்தது.

ஏழாவது பாட்டில் எனக்கு முட்டி வலி எடுத்தது. பாடிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மேடையில் ஒருநாளும் நான் உட்கார்ந்து பாடியதில்லை. வளையல் அடுக்கிய கையோடு நடுவில் இருந்த பெண் சிரித்தாள். அவளும் காலை நீட்டிக்கொண்டாள். அவளுக்கு அது ஒன்பதாவது மாதம்.

பக்கத்திலிருந்த ஒரு அம்மா, பாட்டு முடிந்ததும் குனிந்து கேட்டார். "ஏன் கண்ணு, உக்காந்துட்டே? ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானுங்க இருக்குது. கால் வலிக்குது."

"எனக்குந்தான்" என்று அவர் தன் நாற்காலியை என் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அண்ணா அடுத்த பாட்டுக்கு ஸ்ருதி கொடுத்தார்.